ஆல்கோவுக்கு ஒரு டப்பா

காசு போனாலும் பரவாயில்லை, கடையிலேயே மாட்டி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என் டபிள்யூடிஎம்-2 ஆல்கோ ரயில் எஞ்சின் மாடலில், சத்தம் எழுப்பும் சவுண்டு டிகோடர் மாட்டச் சொல்லி சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த எஞ்சின் கொசு மாதிரி ரீங்கரித்தது. போன் போட்டால், "சின்ன எஞ்சின் சார், இவ்வளவுதான் வரும்" என்கிறார்.

யாரிடம் சொல்கிறார்? ஆம்பூரில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் நான். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் ஆல்கோ கிளம்பும்போது எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும்.

மூடியைக் கழற்றினேன். 11-க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர், கூரையில் டேப் போட்டு மொட்டையாக ஒட்டியிருந்தது. பின்னால் டப்பா இல்லை! ஸ்பீக்கரின் சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கும். இரண்டும் சுற்றிவந்து கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காலியாவது அடித்தொனி. ஆல்கோவில் அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகட்டை வெட்டி, ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மூடும் டப்பா செய்தேன். டார்ச்சை உள்ளே அடித்து இருட்டில் பார்த்தால் ஒரு மூலையில் கீற்றாக வெளிச்சம். அதை அடைத்தேன். ஒயர் வெளியே வரும் ஓட்டையையும் அடைத்த பிறகுதான் எஞ்சினுக்குத் தொண்டை திறந்தது. அந்த ஓட்டையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒருவர் இருப்பார், டப்பா ஒட்ட ஷூ சொல்யூஷனை நீட்டுவார். வாங்காதீர்கள். அதில் இருக்கும் டொலுவீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். இதற்காக எங்கள் மைத்துனர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மற்றதெல்லாம் சுலபம். டிகோடர் ஒயர்களில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, லோக்சவுண்டு டிகோடரில் பழுப்பு இரண்டும் ஸ்பீக்கருக்கு. மோட்டார் முனை சட்டத்தில் எங்கும் படக்கூடாது, பட்டால் டிகோடர் போச்சு. பழைய லோக்சவுண்டு 3.5 என்றால் 100 ஓம் ஸ்பீக்கர்தான். 8 ஓம் மாட்டினால் புகைந்துவிடும். பெரிய ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமென்று உள்ளே இருக்கும் எடையை அறுத்துவிடாதீர்கள், பிறகு நாலு பெட்டி மாட்டினாலே சக்கரம் வழுக்கும். சத்தம் கரகரத்தால், டிகோடரில் ஒலி அளவை வைக்கும் சிவி 63-ஐக் குறையுங்கள். கடைக்காரர் அதை உச்சத்தில் வைத்திருந்தார், வேறு என்ன செய்வார்!

ஹாரன் மட்டும் பாக்கி. ஆல்கோ ஒலிக்கோப்பில் வருவது அமெரிக்க ஹாரன், வாணியம்பாடி தாண்டும் வண்டிக்கு ஒட்டவே ஒட்டாது. டிகோடரில் ஒலி ஏற்றும் லோக்புரோகிராமர் இருந்தால் நம் ஊர் ஹாரனைப் பதிவுசெய்து ஏற்றலாம். பதிவுக்கு விடியற்காலையில் போய் பிளாட்பாரத்தின் கடைசியில் நில்லுங்கள். பொழுது ஏறிவிட்டால் ஹைவே லாரிகளின் ஹாரனும் சேர்ந்தே பதிவாகும்.