எந்த நாள் ஓய்வு நாள்?

கேள்வி: கிறிஸ்தவர்களில் சிலர் மட்டும் சனிக்கிழமை ஆராதனைக்குப் போவது ஏன்? (வாசகர், திருப்பூர்)

பதில்: பத்துக் கட்டளைகள் ஓய்வு நாள் என்று சொல்வது ஏழாம் நாளை. யூதர் கணக்கில் அது வெள்ளி அந்தியில் தொடங்கி சனி அந்தியில் முடியும். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் பெரும்பாலான சபைகள் ஞாயிறுக்கு மாறின. கி.பி. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை விடுமுறையாக்கினான். உழவர்களுக்கு மட்டும் விலக்கு, பருவம் காத்திராதே!

சனிக்கிழமை ஆசரிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நாசரேத் பகுதியில் ஆங்கிலிக்கன் மிஷனரிகளோடு பிணங்கிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபையில் சனியையே ஓய்வு நாளாக்கினார். இன்று சனியை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் பின்னர் வந்தவர்கள். புனேயில் இருக்கும் அவர்களது ஸ்பைசர் பல்கலைக்கழகம், 1915இல் கோயம்புத்தூரில் பள்ளியாகத் தொடங்கியது.

திருப்பூரில் சிக்கல் வேதத்தில் இல்லை, ஷிப்டில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை, அதாவது ஓய்வு நாளன்று. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வெள்ளியன்று, ஓவர்லாக் மிஷினில் இருக்கும் அட்வென்டிஸ்ட் தொழிலாளி பொழுது சாயும்போதே எழுந்தாக வேண்டும்.