ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சுப்போட்டிக்காக நீ எழுதிய ‘நகரத்து ஏழைத் தாய்’ கிடைத்தது. நடை நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அந்த அம்மா கண்ணீர் வடிக்கிறாள்; ஓரிடத்தில்கூட வேலைக்குக் கிளம்பவில்லை. “வறுமையிலும் அணையாத தியாகச் சுடர்” என்று முடித்திருக்கிறாய். சுடரை விடு. அவளுக்கு என்ன வேலை, எவ்வளவு தூரம், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது? அதைச் சொல்லாமல் அவளுடைய கனவை மட்டும் எப்படி எழுதுகிறாய்?

சினிமா அம்மாக்களால் வந்த வினை இது. சினிமாவிலேயே வேறு மாதிரியும் உண்டு. ஜெயகாந்தன் தானே இயக்கி 1965இல் வெளிவந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தில், சேரியில் வாழும் தாய் சித்தாள் வேலைக்குப் போகிறாள். வளர்ந்த மகன் இருக்கும்போதே தனக்கென்றும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைக்கிறாள். தேசிய விருது பெற்ற படம், தியேட்டரில் ஓடவில்லை. அழுகிற அம்மாவுக்குத்தான் இங்கே டிக்கெட் விற்கும்.

நீ தாம்பரத்துப் பையன். மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம் வந்துவிடும். அங்கே வரிசையாக நிற்கும் எட்டு மாடிக் கட்டடங்களை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பாய். 2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று, நகரத்தின் குடிசைகளை எடுத்து எடுத்துத் தெற்கே கொண்டுவந்து வைத்தார்கள். சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் இருந்த பெண் கோட்டூர்புரத்திலோ நந்தனத்திலோ இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்துவிட்டு, மதியம் பிள்ளைக்குச் சோறு போட வீட்டுக்கு வந்துவிடுவாள். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போட்டதும் முதலில் கைவிட்டுப் போவது காலை ஆறரை மணி வீடு. விடியற்காலையில் பஸ் கிடைத்து, நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு வீடு போனால் அந்த மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். படிப்பு வருடத்தின் நடுவில் இடம் மாற்றப்பட்ட குடும்பங்களில் பிள்ளைகளின் பள்ளியும் போயிற்று.

கண்ணகி நகரைப் பற்றி கேரன் கோயல்ஹோ, டி. வெங்கட், ஆர். சந்திரிகா மூவரும் 2012இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. நகரத்து வறுமை இடமாற்றத்தால் எப்படி மறுபடி உற்பத்தியாகிறது என்பதே அதன் பொருள். வீடு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுகிறவர்கள், வேலையை எத்தனை கிலோமீட்டர் தள்ளி வைத்தோம் என்பதை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை.

அதனால்தான், ஏழைத் தாயின் நம்பிக்கையைக் கிலோமீட்டரில் அளக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. மேடவாக்கம் கூட்டுரோட்டில் காலையில் ஒரு அரைமணி நேரம் நின்று பார். டீலக்ஸ் பஸ் காலியாகப் போகும். கையில் டிபன் கூடையுடன் நிற்கும் பெண்கள் அசைய மாட்டார்கள். முகப்பில் பிங்க் பெயிண்ட் அடித்த இலவச பஸ் தெரிந்ததும்தான் கூட்டம் முன்னே நகரும். நடத்துநர் கிழித்துத் தரும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை வைத்து, போன வருடம் விட்ட ஒரு வீட்டு வேலையைத் திரும்பப் பிடிக்கலாமா என்று ஒருத்தி யோசிப்பாள். உன் கட்டுரை தொடங்க வேண்டிய இடம் அது.

தூரம் பள்ளியையும் விடாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டு. ஆனால் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்பைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் எத்தனை நல்ல தனியார் பள்ளி இருக்கிறது என்று நீயே எண்ணிப் பார்.

அந்தத் தாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது, கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியிலேயே தொடர்வதா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவதா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஏழு வருடம் கழித்து வரப்போகிற பணத்தையும் சீட்டையும் இன்றைய ஃபீஸோடு கூட்டிக் கழிக்கிறாள். இதற்குப் பெயர் தியாகமா? பட்ஜெட் போடுகிறாள்.

தூரத்தோடு முகவரியும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். ஊரே கொண்டாடியது, சரிதான். ஆனால் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதே முகவரியைச் சொல்லத் தயங்கும் பெண்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கொண்டாட்டத்தோடு அதையும் எழுது.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. உங்கள் தெருவில் வேலைக்கு வரும் அக்காவிடம், அவர் சம்மதித்தால், மகளை அடுத்த வருடம் எங்கே சேர்க்கப் போகிறார், ஏன் என்று கேள். பெயரைப் போடாதே. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்தால்தான் எனக்குப் படிக்க நேரம் இருக்கும்.