முன் அனுபவம் இல்லாத இளைஞரும் தன்விவரக் குறிப்பும்

நம் கிராமங்களில் பள்ளிப் படிப்பும் தொழிற்பயிற்சியும் பட்டப் படிப்பும் முடித்து வேலை நாடும் இளைஞர் பலர் உளர். இவர்களிடம் முதன்முதல் கேட்கப்படுவது தன்விவரக் குறிப்பு. பேச்சு வழக்கில் இதனைப் 'பயோடேட்டா' என்பர். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களில், நிறுவனத்தார் ஒருவரைப் பற்றி முதலில் அறிவது இத்தாளின் வாயிலாகவே. அதில் 'முன் அனுபவம்' என்னும் இடத்தில் நம் இளைஞர் பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகின்றனர். சம்பளம் பெறாமல் செய்த வேலை வேலையாகாது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் நீங்க வேண்டும்.

எவை அனுபவம் ஆகும்?

விடுமுறை நாட்களில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பால் அளந்து பதிவேடு எழுதிய மாணவர், நேரந் தவறாமையும் கணக்கும் பழகியவராவார். நம் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி எங்கும் பரவிய மகளிர் சுயவுதவிக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். தாயாரின் குழுவுக்குப் பேரேடும் கூட்டக் குறிப்பேடும் எழுதிவந்த பெண், கணக்கர் பணியின் தொடக்கப் பாடத்தைக் கற்றவரேயாவார். 1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து, கிராமத்தில் ஏழு நாள் முகாமிட்டு உழைத்த கல்லூரி மாணவர், பலரோடு கூடிப் பணியாற்றும் பயிற்சி பெற்றவர். நம் வயலில் செய்த வேலையும் இத்தகையதே.

எழுதும் முறை

செய்த வேலையைக் குறிக்கும்போது மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். என்ன செய்தோம்? எவ்வளவு செய்தோம்? எக்காலத்தில் செய்தோம்? 'விவசாயம் தெரியும்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'எங்கள் இரண்டு ஏக்கர் வாழைத் தோட்டத்தில் இரண்டாண்டுகள் சொட்டுநீர்க் குழாய்களையும் வடிகட்டியையும் பராமரித்தேன். அடைப்புகளை நானே நீக்கினேன்' என்று எழுதினால், இயந்திரப் பராமரிப்புப் பணிக்கு ஆள் தேடுபவர் அதனை நின்று படிப்பார். 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவர்' என்னும் புகழுரைகளைக் காட்டிலும் இத்தகைய ஒரு வரி மேலானது.

குறிப்பு ஒரே பக்கத்தில் அடங்குதல் நலம். முதலில் பெயர், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியன வரவேண்டும். பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். அடுத்து, விரும்பும் வேலை இன்னதென ஒரு வரி. பின்னர்க் கல்வி, இறுதியாக முடித்த படிப்பை முதலில் எழுத வேண்டும். அதன்பின் செய்த வேலைகள், பெற்ற பயிற்சிகள், தட்டச்சுத் தேர்வு, ஓட்டுநர் உரிமம், அறிந்த மொழிகள் ஆகியவற்றை முறையே எழுதலாம். தம்மை நன்கறிந்த தலைமையாசிரியர் அல்லது சங்கச் செயலாளர் ஒருவர் பெயரை, அவர் இசைவு பெற்றுக் குறிப்பிடலாம். ஒரே தாளை எல்லா இடத்திற்கும் கொடாமல், வேலைக்கேற்பப் பொருத்தமானதை முன்னே வைத்தல் வேண்டும். அரசுப் பணிகளுக்கு உரிய விண்ணப்பப் படிவம் வேறாக உண்டு. அதனையே நிரப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

செய்யாததைச் செய்ததாக எழுதலாகாது. நேர்காணலில் இரண்டாம் வினாவிலேயே பொய் வெளிப்படும்; அதன்பின் அவர் கூறும் மெய்யும் நம்பப்படாது. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் குறிப்பில் எழுத வேண்டுவதில்லை. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அனுபவம் வேண்டாத வழியும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். அப்பயிற்சிக் காலமே அடுத்த குறிப்பில் அனுபவமாக இடம்பெறும்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கவை பல. கிராம சபை கூடும் நாளில், முகாம் நடைபெறும் தேதியை அறிவிக்கலாம். ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவரைக் கொண்டு, நூலகத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஒருநாள் மாலை இளைஞர்களைக் கூட்டி எழுதப் பழக்கலாம். சங்கங்களிலும் குழுக்களிலும் மெய்யாகவே உழைத்தவர்க்கு, செய்த பணியையும் காலத்தையும் குறித்துச் சான்று அளிக்கச் செய்யலாம். உழைக்காதவர்க்கு இரக்கத்தால் சான்று அளித்தல், உழைத்தவர் சான்றின் மதிப்பையும் குறைத்துவிடும்.

விவசாயப் பெருமக்களும் தம் மக்களை அருகமர்த்தி, அவர்கள் வயலிலும் வீட்டிலும் செய்துவரும் வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டும். பெற்றோர் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தம் உழைப்பின் அளவு தெரியவரும். அவ்வாறு எண்ணிப் பார்த்தபின், 'இல்லை' என்று எழுதும் கிராமத்து இளைஞர் மிகச் சிலராகவே இருப்பர்.