ஸ்மார்ட் ஸ்பீக்கர்: வாங்கும் முன் கவனிக்க

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வீட்டிற்கு வந்தபின் பலரும் அடுத்து வாங்க நினைப்பது ஸ்மார்ட் ஸ்பீக்கர். பார்க்கச் சாதாரண ஸ்பீக்கர் போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே மைக் உண்டு. நாம் சொல்வதைக் கேட்டுப் பாட்டுப் போடும், அலாரம் வைக்கும். இதன் வசதியும் அந்த மைக் தான், சிக்கலும் அதுதான்.

"அலெக்ஸா", "ஹே கூகுள்" என ஒவ்வொன்றிற்கும் ஓர் அழைப்புச் சொல் இருக்கிறது. அது காதில் விழும் வரை ஸ்பீக்கர் எதையும் வெளியே அனுப்புவதில்லை. விழுந்தபின் நாம் பேசுவது இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் வருகிறது. எனவே நெட் இல்லையென்றால் ஏறக்குறைய ஊமைதான். பெரும்பாலான மாடல்களில் பேட்டரியும் கிடையாது. கரண்ட் போனால் ஸ்பீக்கரும் போய்விடும்.

அழைப்பது யார் என்று அது பெரிதாகப் பார்ப்பதில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அலெக்ஸாவிடம் பொம்மை வீடு கேட்க, அது ஆர்டர் ஆகி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. சான் டியாகோ டி.வி. ஒன்றில் இச்செய்தியைச் சொன்னவர் அதே வாசகத்தைச் சொல்ல, பார்த்துக் கொண்டிருந்த சிலரது வீட்டு ஸ்பீக்கர்களும் ஆர்டர் செய்யக் கிளம்பிவிட்டனவாம்! டி.வி. பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பின் செட்டிங்ஸில் வாய்ஸ் பர்ச்சேசிங் இருந்தால் முதல் வேலையாக அதை ஆஃப் செய்யுங்கள்.

வாங்கும்போது மொழியைக் கவனியுங்கள். அலெக்ஸாவில் இந்தி சேர்ந்ததே 2019ல் தான். போனில் தமிழ் புரிகிறது என்பதற்காக ஸ்பீக்கருக்கும் புரியும் என நம்பி, வீட்டில் இருக்கும் பாட்டிக்கு வாங்கி வந்தால் ஏமாற்றமே. மொழிப் பட்டியலில் தமிழ் உள்ளதா எனக் கடையிலேயே கேளுங்கள். ஆப்பிளின் ஹோம்பாட் வாங்குபவர்களிடம் ஐபோன் அல்லது ஐபேட் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனை வைத்து அதை செட்டப் செய்ய முடியாது. ஒலித்தரம் பற்றிக் கடைக்காரரே நிறையச் சொல்வார்.

நாம் பேசியவை பதிவாகவும் சேமிக்கப்படுகின்றன. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் 2.5 கோடி டாலர் கட்ட அமேசான் 2023ல் ஒப்புக்கொண்டது. அலெக்ஸா ஆப்பில் மோர் பிரிவில் அலெக்ஸா பிரைவசி என்பதைத் திறந்தால், பதிவுகளைக் கேட்கலாம், அழிக்கலாம், சேமிக்கவே வேண்டாம் என்றும் அமைக்கலாம். ஆனால் அப்படி அமைத்தாலும் குரல் சர்வருக்குப் போய்த்தான் வரும். சர்வருக்கு அனுப்பாமல் ஸ்பீக்கரிலேயே கையாளும் வசதி சில எக்கோ மாடல்களில் அமெரிக்காவில் இருந்தது. 2025 மார்ச் 28ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மைக்கை நிறுத்தும் பட்டன் எங்கிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். எக்கோவில் இதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பணம், பாங்க் விஷயம் பேசும்போது இந்த விளக்கு எரியட்டும். படுக்கையறையில் ஸ்பீக்கர் வைப்பது என் வரையில் தேவையில்லாத வேலை.

பழைய ஸ்பீக்கரை யாருக்காவது கொடுப்பதானால், ஆப்பில் டீரெஜிஸ்டர் செய்துவிட்டுக் கொடுங்கள். இல்லையேல் அவர் கேட்கும் பாட்டு உங்கள் அக்கவுண்டில் ஓடும்.