கோதுமையா, வெங்காயமா? மாமல்லபுரம் பக்கம் வயிற்றைக் கெடுக்காமல் சாப்பிடும் வழி

லேசில் எதுவும் ஒத்துக்கொள்ளாத வயிறு உள்ளவர்கள் செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ இறங்கியதும் ‘எந்தக் கடை நல்ல கடை?’ என்றுதான் விசாரிப்பார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: உங்களுக்கு ஆகாதது கோதுமையா, வெங்காயம் பூண்டு வகையறாவா? சீலியாக் நோயில் கோதுமையின் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கிறது. துளியும் கூடாது, ஆயுசுக்கும் கூடாது. ஐ.பி.எஸ். என்னும் குடல் கோளாறில் சிதைவு எதுவும் இல்லை. வெங்காயம், பூண்டு, பருப்பில் உள்ள சில சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவும் வலியும் தருகின்றன. அங்கே அளவுதான் கணக்கு. ஆகவே முதல் வேலை ரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். சப்பாத்தியை விட்டுச் சில மாதம் கழித்துப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எடை குறைவு, ரத்தசோகை, மலத்தில் ரத்தம் இருந்தால் சாப்பாட்டு யோசனை பிறகு, மருத்துவர்தான் முதலில்.

ஐ.பி.எஸ். என்று தெரிந்தவருக்கு இந்தப் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. இந்தச் சர்க்கரைகளைக் குறைக்க மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ‘ஃபாட்மேப்’ பத்தியத்தை ஓட்டல் சப்ளையரிடம் விளக்கி மாளாது. ‘வெங்காயம், பூண்டு சேர்க்கிறதில்லைங்க, என்ன இருக்கு?’ என்றால் போதும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று விரதச் சமையல் பழகிய ஊர்கள் இவை. திருப்போரூர், திருக்கழுக்குன்றம் போன்ற கோயில் ஊர்களில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது வீண் வேலை. தொல்லை தரும் சர்க்கரை நீரில் கரைந்து ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். அது எண்ணெயில் கரையாது. அதனால் வீட்டில் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்துக்கொள்ளலாம். கடையில் இட்லியும் அரிசி இடியாப்பமும் நல்லவை. இடியாப்பத்துக்குக் குருமாவை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் கேளுங்கள். ஓட்டல் தேங்காய்ச் சட்னியில் பாதி பொட்டுக்கடலையாக இருக்கும் என்பதால் ஒரு கரண்டியோடு நிறுத்துவது நல்லது. இட்லிக்கு வெள்ளைச் சர்க்கரை (அந்தத் தொல்லைச் சர்க்கரை அல்ல) தொட்டுக்கொள்வதைக் குழந்தைப் பழக்கம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் இதே விரதச் சாப்பாடு சீலியாக் நோயாளிக்குப் பொறி. பூண்டை விட்ட இடத்தைச் சமையல்காரர் பெருங்காயத்தால் நிரப்புகிறார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்: பெருங்காயப் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ பல தயாரிப்புகளில் இருக்கும். அரிசி மாவு சேர்த்தவையும் உண்டு. ஆனால் ஓட்டல் அடுக்களையில் எந்த டப்பா திறந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. சாம்பார், ரசம், புளியோதரை, தாளித்த மோர் எல்லாம் இதனாலேயே சந்தேகத்துக்குரியவை. அடுத்த ஆபத்து தோசைக்கல். அரிசி தோசை வார்க்கும் கல்லில்தான் சற்று முன் ரவா தோசையோ கோதுமை தோசையோ வெந்திருக்கும். ராத்திரிக் கடையாக இருந்தால் பரோட்டாவும். ஆவியில் வேகும் பண்டங்களுக்கு அந்தக் கல்லோடு உறவில்லை. மதியம் இலையில் வெள்ளைச் சோறு, தாளிக்காத தயிர், உப்பு, வாழைப்பழம் என்று தனித்தனியாக வருவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ருசி குறையும், உடம்பு தப்பும்.

இட்லியில் உளுந்து இல்லையா, தயிரில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இல்லையா என்று ஐ.பி.எஸ். உள்ளவர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இட்லி மாவில் அரிசி நாலு பங்கு என்றால் உளுந்து ஒரு பங்கு, அதிலும் புளிப்பில் கொஞ்சம் கரைந்துபோகும்; மெதுவடைதான் முழுக்க முழுக்க உளுந்து. தயிரிலும் பாலைவிட லாக்டோஸ் குறைவு. இதற்கெல்லாம் மெனக்கெடாமல் வெளிநாட்டுப் பயணிகள் போகும் கஃபேயில் ‘குளூட்டன் ஃப்ரீ’ கேட்டு வாங்கினால் என்ன என்பது சீலியாக் உள்ளவரின் கேள்வி. பொட்டலத்தில் அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. தட்டில் வருவதை யாரும் அளப்பதில்லை. தனி வாணலி, தனி எண்ணெய் உண்டா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்துவிடலாம். இன்னொன்று, ஃபாட்மேப் பத்தியம் ஆயுள் தண்டனை அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணவியல் நிபுணர் துணை இருந்தால் நல்லது.

கடற்கரைக்கு வந்துவிட்டு மீனை விடச் சொல்வது அநியாயம். மீனில் குளூட்டனும் இல்லை, அந்தச் சர்க்கரைகளும் இல்லை, வம்பெல்லாம் மேல்பூச்சில்தான். மசாலாவில் பூண்டு விழுது, மொறுமொறுப்புக்கு ரவையோ மைதாவோ. உப்பு, மஞ்சள், மிளகு மட்டும் தடவிப் புது எண்ணெயில் வறுத்துத் தரச் சொல்லுங்கள். ரவை தோய்த்த இறால் பொரித்த எண்ணெய் சீலியாக் உள்ளவருக்கு ஆகாது. மீனைச் சமைக்குமுன் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்றவை குளிர் விட்டுக் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சேரும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் பேதியும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்காகப் பத்தியத்தை மேலும் இறுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் தட்டில் வரும் பெரிய மீன் எத்தனை நாள் ஐஸில் இருந்ததோ, கேட்டே வாங்குங்கள். இல்லையென்றால் அன்று காலை கரைக்கு வந்த கிழங்கானோ சங்கராவோ போதும்.