ஹம்பக்கர் மாற்றப் போகிற பிள்ளைகளுக்கு

முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி ஒரு வருஷம் ஓடியதும் ஒரு ஆசை கிளம்பும்: பிக்அப்பை மாற்ற வேண்டும். தப்பில்லை. சால்டரிங் பழகியவர்களுக்கு ஒரு மதியத்து வேலைதான். ஆனால் நல்ல ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்அப்) ஜோடி ஒன்றின் விலைக்குச் சுமாரான இன்னொரு கிட்டாரே வந்துவிடும். பணத்தை எடுத்து வைக்கும் முன் இதைப் படித்துவிடு.

1. குறை என்ன என்று ஒரு வரியில் எழுது. “சவுண்டு சரியில்லை” என்பது குறை அல்ல, புலம்பல். நெக் பிக்அப்பில் கார்டு அடித்தால் தடித்த தந்திகள் ஒன்றோடொன்று குழம்புகின்றனவா? பிரிட்ஜ் பிக்அப்பில் மெல்லிய தந்திகள் காதைக் குத்துகின்றனவா? டிஸ்டார்ஷனை ஏற்றினால் விசில் அடிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் வாங்கும் வேளை இன்னும் வரவில்லை.

2. காசு கேட்காத வேலைகளை முதலில் முடி. தந்திகளை மாற்று. பிறகு பிக்அப்பின் இரு பக்கத்து ஸ்குரூவையும் திருகி உயரத்தைச் சரிசெய். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்அப்பின் இரும்பு முனைக்கும் உள்ள இடைவெளியை அள. 2 மி.மீ. அளவில் தொடங்கு; தடித்த தந்திப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கு, மெல்லிய பக்கத்தைக் கொஞ்சம் ஏற்று. குழம்புகிற நெக் பிக்அப்பை இறக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எல்லாரும் சத்தம் கூடட்டும் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். காந்தம் தந்தியை இழுத்து, ஸ்வரம் நின்று ஒலிப்பதைக் கெடுக்கும்.

கேபிளையும் பார். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் கப்பாசிட்டன்ஸ் இருக்கும். நீளம் கூடக் கூட உச்ச ஒலிகள் மங்கும். பத்து மீட்டர் கேபிளை மாட்டிக்கொண்டு “பிக்அப் மந்தமாக இருக்கிறது” என்று சொன்னால் அது பிக்அப்பின் மேல் வீண்பழி.

3. ஹம்பக்கர் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று தெரிந்துகொள். அமெரிக்காவின் கலமசூவில் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1959-இல் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் பிக்அப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒட்டிய சீட்டின் முதலெழுத்துகள்தான் இன்று எல்லாரும் ஜபிக்கிற ‘பி.ஏ.எஃப்.’ யோசனை எளியது. இரண்டு காயில்கள், காந்த முனையும் எதிரெதிர், சுற்றின் திசையும் எதிரெதிர். தந்தியின் சிக்னல் இரண்டிலும் சேர்ந்து கூடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காற்றில் வருகிற இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம்மூர் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்.

ஆனால் எர்த் வயர் விட்டுப்போன இரைச்சலை எந்த ஹம்பக்கரும் அழிக்காது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கொஞ்சம் அடங்குவது வழக்கம். தொட்டால் கூடுகிறது என்றால் கிட்டாருக்குள்ளே எர்த் இணைப்பைத் தேடு. தொட்டதும் கையில் சுரீர் என்று அடித்தால் வாசிப்பதை அந்த நிமிஷமே நிறுத்து. அது வீட்டு எர்த்திங்கிலோ ஆம்ப்பிலோ உள்ள கோளாறு. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி ஆம்ப் ஓட்டுகிறவர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு, பிக்அப் அப்புறம்.

4. கிலோ ஓமைப் பார்த்து வாங்காதே. புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடைக்காரர்களும் இதை வைத்தே விற்கிறார்கள். பெட்டியில் 8 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று போட்டிருப்பது காயில் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். குழாயின் நீளத்தை அளந்து தண்ணீரின் ருசியைச் சொல்ல முடியுமா?

பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் 42 கேஜ் கம்பியில், காயிலுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று. மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை ஆளுக்கு ஒன்றாக இருக்கும். அந்நாளில் துல்லியமாக எண்ணிச் சுற்றவில்லை, அதனால்தான் அவற்றில் ஒன்று போல் இன்னொன்று ஒலிப்பதில்லை. இப்போது 43, 44 கேஜ் என்று இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றுகிறார்கள். கம்பி மெலிந்தாலே, சுற்றைக் கூட்டாமலும் மின்தடை ஏறும். சீமோர் டங்கன் கம்பெனியின் ‘ஜேபி’ பிக்அப் 16 கிலோ ஓம் சுமாருக்கு நிற்கும். அதற்காக 8 கிலோ ஓம் பிக்அப்பைப் போல் இரண்டு மடங்கு சத்தம் வராது.

சுற்று உண்மையிலேயே கூடினால் நடப்பது வேறு. இண்டக்டன்ஸ் ஏறும், பிக்அப்பின் ரெசனன்ஸ் உச்சி கீழே இறங்கும். நடு ஒலி திரளும், உச்ச ஒலி மங்கும். ‘ஹாட்’ என்று விற்கிற பிக்அப் பளிச்சென்று ஒலிக்கும் என்பது பலரின் எண்ணம். பெரும்பாலும் அது இருட்டாகத்தான் ஒலிக்கும். உன் ஒரு வரிக் குறை ‘தெளிவில்லை’ என்று இருந்தால் நீ போக வேண்டியது குறைவாகச் சுற்றிய பக்கம்.

அந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. வாங்கிய பிக்அப்பை மல்டிமீட்டரில் வை. சொன்ன அளவில் பாதி காட்டினால் ஒரு காயில் மட்டுமே சர்க்யூட்டில் இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

5. காந்தம். அல்னிகோ என்பது இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலவை. அல்னிகோ 2 மென்மையாகத் தொடங்கும், 5 இறுக்கமாக அடிக்கும், செராமிக் இன்னும் கூர்மை. 1972-இல் லாரி டிமார்சியோ ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இருக்கிற பிக்அப்பைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென்றே விற்ற முதல் பிக்அப்பாக அதைச் சொல்வார்கள். செராமிக் காந்தம், நிறையச் சுற்று. வால்வு ஆம்ப்பின் முன்பகுதியைத் தள்ளி உடைக்க அன்று அந்த பலம் தேவைப்பட்டது. உன் மேசையில் இருக்கிற சின்ன மாடலிங் ஆம்ப்பில் கெயின் வழிந்து கிடக்கிறது. வாசிப்பது மெட்டலாகவே இருந்தாலும் மிதமான அவுட்புட் உள்ள பிக்அப்பை முதலில் கேட்டுப் பார் என்பேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும்.

6. வாங்கும் முன் ஸ்கேலை எடு. பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே எத்தனை மி.மீ.? கிப்சன் வகையில் 50 சுமார். ஃபிளாய்ட் ரோஸ் போன்ற ட்ரெமலோ பிரிட்ஜில் 53 வரை போகும். அகலமானதற்கு டிமார்சியோ ‘எஃப் ஸ்பேஸ்டு’ என்றும், டங்கன் ‘ட்ரெம்பக்கர்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் தன் புகழ்பெற்ற ஒட்டுக் கிட்டாரில் கிப்சன் ஹம்பக்கரைச் சாய்த்து மாட்டியிருந்ததை நீ படத்தில் பார்த்திருப்பாய். தந்திகளும் இரும்பு முனைகளும் நேராக நிற்கத்தான் அந்தச் சாய்வு. பிக்அப்பின் கால் நீளம், உள்ளே குழியின் ஆழம் இரண்டையும் பார். இ.எம்.ஜி. போன்ற ஆக்டிவ் வகை என்றால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வேண்டும்; கூடவே வரும் 25 கிலோ ஓம் பாட்களையே (வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்கள்) போட வேண்டும்.

7. விசில் அடிக்கிற பிக்அப் ‘மைக்ரோஃபோனிக்’ ஆகியிருக்கிறது. காயிலோ மூடியோ உள்ளே அதிர்கிறது. மெழுகில் தோய்த்த பிக்அப்பைக் கேட்டு வாங்கு. வீட்டு அடுப்பில் நீயே மெழுகு காய்ச்சப் போகாதே. பாபின் உருகும், மெழுகு தீப்பிடிக்கும்.

8. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. நெக் பக்கம் தந்தி அகலமாக அதிரும், பிரிட்ஜ் பக்கம் குறுகலாக. அதனால் பிரிட்ஜுக்கு உரியதைக் கூடுதலாகச் சுற்றுவார்கள். இடம் மாற்றிப் போடாதே. குறை எந்தப் பக்கமோ அதை மட்டும் மாற்று.

ஒன்றை மட்டும் மாற்றும்போது ஒரு வம்பு வரலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி சவசவவென்று மெலிந்துபோகும். ஃபேஸ் எதிராகிவிட்டது என்று அர்த்தம். முள் மல்டிமீட்டர் கிடைத்தால் மாட்டும் முன்பே கண்டுபிடிக்கலாம். பிக்அப் வயர்களை மீட்டரில் இணைத்து, ஸ்குரூ டிரைவரை இரும்பு முனைமேல் வைத்துச் சட்டென்று எடு. முள் எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார். இரண்டு பிக்அப்பிலும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் இரு முனைகளை மாற்றிப் போடு. நான்கு வயர் பிக்அப்பில் இது சுலபம். ஷீல்டு பின்னலோடு ஒற்றை வயர் வரும் பழைய வகையில் அப்படியே மாற்றினால் உலோக மூடியில் சிக்னல் ஏறிவிடும். அதைத் தெரிந்தவரிடம் கொடு.

9. நிறத்தை நம்பாதே, கம்பெனி தந்த வரைபடத்தை நம்பு. டங்கனில் சிக்னல் கறுப்பில் வரும், வெள்ளையும் சிவப்பும் சேர்ந்து தனியாக முடியும். டிமார்சியோவில் சிக்னல் சிவப்பில். கறுப்பும் வெள்ளையும் சேரும். கறுப்பு எர்த் என்கிற நினைப்பில் இணைத்தவர்கள் ஆம்ப்பில் ஒன்றும் கேட்காமல் முழிப்பார்கள். பழைய வயரைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடு.

10. பாட்டின் மதிப்பையும் சோதி. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம், சிங்கிள் காயிலுக்கு 250. மலிவுக் கிட்டாரில் 250 போட்டிருந்தால் எந்த பிக்அப்பும் போர்வை மூடினாற்போல ஒலிக்கும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் தேடலாம். பாட் மெட்ரிக்கா அங்குலமா என்று கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் துளைக்குள் போகாது. பாட்டின் முதுகில் சால்டர் செய்ய 25 வாட் அயர்ன் திணறும். 40 வாட் எடுத்து, சுரண்டி, சீக்கிரம் முடி.

11. பழைய பிக்அப்பைத் தூக்கிப் போடாதே. பெயர் எழுதி டப்பாவில் வை; கிட்டாரை விற்கும் நாளில் அதைத் திரும்பப் போட்டுவிட்டு நல்லதை நீ வைத்துக்கொள்ளலாம்.

12. எல்லாம் மாட்டியதும், தந்தி கட்டுவதற்கு முன் கேபிளைச் செருகி ஒவ்வொரு காயிலையும் ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டு. இரண்டு வரிசையிலும் ‘டக்’ என்று ஆம்ப்பில் கேட்டால் பின்மூடியைப் போடு. தந்தி கட்டிய பிறகு இரண்டாம் எண்ணுக்குத் திரும்பிப் போய் உயரத்தை மறுபடி அள. புதுப் பிக்அப்புக்குப் பழைய உயரம் பொருந்தாது.