புகைக்காதவருக்கும் புகை

2022 டிசம்பரில் எல்லை தாண்டி வந்த மாசுக்காற்று இலங்கையை மூடியபோது, 9ஆம் திகதி பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள். வவுனியாப் பிள்ளைகளும் வீட்டில்தான். அன்றாடப் புகைக்கு அப்படி லீவு கிடைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசையும் புற்றுநோய்க் காரணிகளாக அறிவித்தது. முதலில் அடிபடுவது நுரையீரல். புகையில் உள்ள, தலைமயிரைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு மெல்லிய நுண்துகள் அதன் அடிவரை இறங்கிவிடும்.

பஸ் நிலையத்தில் ஸ்டார்ட்டில் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கம் பிள்ளையோடு நிற்க வேண்டாம். பத்தடி தள்ளி நின்றாலே புகை குறையும். வவுனியாவில் காலை நடைக்குக் கண்டி வீதியை விடக் குளக்கட்டு நல்லது.

பெரிய வில்லங்கம் நம்முடைய வளவுக்குள்தான். பின்னேரம் கூட்டிக் குவித்த சருகோடு ஷொப்பிங் பையும் யோகட் கப்பும் சேர்ந்து எரியும். கருகிய அந்த நாற்றம் அயல்வீட்டு அறைவரை போகும். பொலித்தீனைப் பிரித்துக் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம். சருகை வாழையடியில் போட்டால் பசளை.

புகையைத் தவிர்க்க முடியாத இடத்தில் துணி முகக்கவசம் போட்டாலும், அது நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. என்-95 வகை, மூக்கோரம் இறுக்கமாகப் பொருந்தினால், தடுக்கும்.